ஒற்றைத் தலைவலி

ஒற்றைத் தலைவலி என்பது விட்டுவிட்டு வரும் கடுந்தலைவலியை முதன்மை அறிகுறியாகக் கொண்ட ஒரு நரம்பியல் நோயாகும். மைகிரேன் என்னும் பெயராலும் இது பரவலாக அறியப்படுகிறது. வலியுடன் குமட்டல், வாந்தி, ஒளியையும் ஒலியையும் பொறுக்க இயலாமை ஆகியவை சேர்ந்து வரும். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உள்ளதாக மதிப்பிடப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின்படி, மக்களைச் செயலிழக்கச் செய்யும் நோய்களுள் இது இரண்டாம் இடத்தையும், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் முதலிடத்தையும் பெற்றது. கர்நாடக மாநிலத்தில் 2,329 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டுக் காலத்தில் 25.2 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தமை தெரியவந்தது.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் வந்த வலியை நிறுத்தும் மருந்துகளும், வலி வரும் நாட்களைக் குறைக்கும் மருந்துகளும் உள்ளன. இவை இரண்டும் வெவ்வேறு என்பதை அறியாமலே பல்லாண்டுகள் வலிமாத்திரையோடு காலங்கழிப்போர் பலர்.

பெயர்

மைகிரேன் என்னும் சொல், பாதித் தலை எனப் பொருள்படும் 'ஹெமிக்ரேனியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆயுர்வேத நூல்களில் 'அர்த்தாவபேதகம்' எனக் குறிக்கப்படும் நோயும் பாதித் தலையில் வரும் வலியே. தலைவலியைத் தலையிடி என வழங்கும் ஈழத்தில் ஒற்றைத் தலையிடி என்பர். எல்லாப் பெயர்களும் ஒருபக்க வலியையே சுட்டினாலும், நோயாளர் பலருக்கு இருபக்கமும் வலிப்பதுண்டு. இதனாலேயே 'எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது, ஆகவே இது ஒற்றைத் தலைவலி அன்று' என்று எண்ணிப் பலர் தவறிவிடுகின்றனர்.

அறிகுறிகள்

மருந்து எடுக்காதபோது வலி 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். நாடித்துடிப்பைப் போல் விண்விண் என்று தெறிக்கும். மாடிப்படி ஏறினாலும் குனிந்தாலும் கூடும். நோயாளர் இருட்டறையில் அசையாமல் படுத்திருக்கவே விரும்புவார்.

வலிக்கு ஓரிரு நாள் முன்னரே சிலருக்குக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், குறிப்பிட்ட உணவின்மேல் அடங்காத ஆசை ஆகியவை தோன்றும். வலி நீங்கிய பின்னரும் ஒரு நாள் வரை சோர்வும் மந்தமும் இருக்கும். நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வலிக்கு முன் 'ஆரா' எனப்படும் நிலை ஏற்படுகிறது. கண்முன் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி மெல்லப் பரவும்; பார்வையில் ஒரு பகுதி மறையும். சிலருக்குக் கையும் உதடும் மரத்துப்போகும், பேச்சுக் குழறும். இது பொதுவாக 5 முதல் 60 நிமிடங்களில் நீங்கிவிடும். முதன்முறை காண்போர் பக்கவாதமோ என அஞ்சுவர். அவ்வச்சம் தவறன்று, முதன்முறை எனில் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூளையில் நிகழ்வது

கார்ல் லாஷ்லி என்னும் அமெரிக்க உளவியலாளருக்கு இந்நோய் இருந்தது. தம் பார்வையில் தோன்றிய மறைவுப் பகுதி எவ்வாறு பரவுகிறது என்பதை அவரே வரைந்து வைத்து, மூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என 1941இல் கணக்கிட்டார். 1944இல் பிரேசில் நாட்டு அறிவியலாளர் அரிஸ்டைடஸ் லியாவ், முயலின் மூளையில் மின்செயற்பாடு ஒடுங்கி அலைபோல் பரவுவதைக் கண்டறிந்தார். அதன் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆராவுக்கு இவ்வலையே காரணம் எனக் கருதப்படுகிறது.

இரத்தக் குழாய்கள் விரிவதே வலிக்குக் காரணம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. இன்று முக்கிளை நரம்பின் செயற்பாடே முதன்மையாகக் கருதப்படுகிறது. அந்நரம்பின் முனைகள் சிஜிஆர்பி எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு புரதக்கூறை வெளிவிடுகின்றன. வலியின்போது கழுத்துச் சிரை இரத்தத்தில் இது மிகுந்திருப்பதை 1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் முதலியோர் காட்டினர். இத்துறை ஆய்வுகளுக்காக இவர்களுக்கும் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், ஜெஸ் ஓலசன் ஆகியோருக்கும் 2021இல் மூளை ஆய்வுக்கான 'பிரெயின் பரிசு' வழங்கப்பட்டது. நோய் பெரும்பாலும் குடும்பவழி வருவதாகும்.

தவறாக இனங்காணல்

இந்நோயைக் காட்டும் இரத்தச் சோதனையோ படமோ இல்லை. மூளைப் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நோயாளர் சொல்வதைக் கேட்டே மருத்துவர் முடிவு செய்கிறார். ஆகையால் தவறுகள் மிகுதி. வாந்தி எடுத்ததும் வலி குறைவதால் தமிழ்நாட்டில் இதனைப் பித்தத் தலைவலி என்று கொண்டு எலுமிச்சைச் சாறும் இஞ்சியும் தருவர். மூக்கடைப்பும் கண்ணில் நீரும் சேர்ந்து வந்தால் சைனஸ் என்பர். அமெரிக்காவில் தமக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 88 விழுக்காட்டினரின் வலி ஒற்றைத் தலைவலி வகையினதாகவே இருந்தது.

நொடியில் உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கைகால் தளர்ச்சி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவை வேறு கொடிய நோய்களின் அடையாளமாக இருக்கக்கூடும். இவற்றில் காலந்தாழ்த்தல் கூடாது.

தூண்டிகள்

உணவு தவறுதல், உறக்கம் குறைதல் அல்லது மிகுதல், வெயில், மாதவிடாய், மது, கடும் மணம் ஆகியன வலியைத் தூண்டலாம். மன அழுத்தம் தணிந்த பின், எடுத்துக்காட்டாக விடுமுறை நாளில், வலி வருவதும் உண்டு. தலைக்குக் குளித்தால் வலி வரும் என்று நம் நாட்டுப் பெண்கள் சொல்வதை மூடநம்பிக்கை என ஒதுக்கியவர்கள் உண்டு. மும்பையின் தலைவலி மருத்துவர் கே. இரவிசங்கர் இதனை ஆராய்ந்து, தலைக்குக் குளிப்பதால் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 நோயாளரைப் பற்றி 2006இல் கட்டுரை வெளியிட்டார்.

சாக்லேட் பற்றிய நம்பிக்கை இதற்கு மாறானது. வலிக்கு முந்தைய கட்டத்திலேயே இனிப்பின்மேல் ஆசை எழுவதால், தின்றதால் வலி வந்தது எனத் தோன்றக்கூடும். உண்மையில் வலி தொடங்கிவிட்டதாலேயே தின்றிருக்கலாம். தூண்டிகளின் பட்டியலை நீட்டி ஒவ்வொரு உணவாக விலக்கிக்கொண்டே போவது பயன் தருவதில்லை.

வந்த வலிக்கான மருந்து

மென்மையான வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், நாப்ராக்சன், பாராசிட்டமால் ஆகியவை உதவும். 16 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் தருதல் ஆகாது. வலியின்போது இரைப்பையின் இயக்கம் மந்தப்படுவதால், தாமதித்து விழுங்கிய மாத்திரை குருதியில் சேரவும் தாமதமாகும். ஆகவே வலி மெலிதாக இருக்கும்போதே உரிய அளவில் எடுக்க வேண்டும். குமட்டலைத் தணிக்கும் டாம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடை மருத்துவர் சேர்த்துத் தருவதுண்டு.

இவற்றுக்கு அடங்காத வலிக்கு டிரிப்டான் வகை மருந்துகள் பயன்படுகின்றன. இவற்றுள் முதலாவதான சுமட்ரிப்டான் 1991இல் விற்பனைக்கு வந்தது. மாத்திரையாகவும் மூக்குத் தெளிப்பாகவும் ஊசியாகவும் கிடைப்பதால் வாந்தி எடுப்போருக்கும் தர இயலும். ஒரு டிரிப்டான் பயனளிக்காவிடின் மற்றொன்று பயனளிக்கக்கூடும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தோரும் கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளோரும் இவற்றை எடுத்தல் கூடாது. 2019 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவந்த ஜெபன்ட் வகை மருந்துகள் இரத்தக் குழாயைச் சுருக்குவதில்லை.

மருந்து மிகையால் வரும் தலைவலி

வலியைத் தணிக்கும் மருந்தே அடிக்கடி எடுத்தால் வலியை வளர்க்கும். எளிய வலிமாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, டிரிப்டான், எர்கோட்டமின், கூட்டு மாத்திரை ஆகியவற்றை 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுப்போருக்கு இந்நிலை ஏற்படலாம். எர்கோட்டமின், காஃபீன், பாராசிட்டமால் முதலியன கலந்த மாத்திரைகள் இந்தியாவில் மிகுதியாகப் புழங்குகின்றன. மாதம் நான்கு நாள் வந்த வலி இருபது நாளாகிவிட்டது என்று மருத்துவரிடம் வருவோரிடம் முதலில் கேட்கப்பட வேண்டியது, எத்தனை மாத்திரை விழுங்குகிறீர்கள் என்பதே. நோயாளர் இதனைத் தாமாகச் சொல்வதில்லை. கடையில் வாங்கியதை அவர் மருந்தாகவே கருதுவதில்லை.

நிறுத்தினால் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வலி முன்னிலும் கூடும். அதன் பின் பெரும்பாலோருக்குக் குறைகிறது. இக்காலத்தை மருத்துவரின் துணையோடு, தடுப்பு மருந்தைத் தொடங்கிக்கொண்டு கடப்பது நல்லது.

தடுப்பு மருந்து

மாதத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ வலி வருவோருக்கும், வலியால் வேலை கெடுவோருக்கும் தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. இதனை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் எடுக்க வேண்டும். பழைய தடுப்பு மருந்துகள் எவையும் இந்நோய்க்கென உருவாக்கப்பட்டவை அல்ல. புரோபிரானலால் இதயநோய் மருந்தாகும். நெஞ்சுவலிக்காக அதனை எடுத்த ஒருவருக்கு ஒற்றைத் தலைவலியும் குறைந்ததை 1966இல் மருத்துவர்கள் தற்செயலாகக் கண்டனர். ஆஸ்துமா உள்ளோருக்கு அது ஆகாது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்து. மருந்துக்கடையில் அதன் பயனைக் கேட்டறிந்து, மருத்துவர் தம்மை மனநோயாளர் என எண்ணிவிட்டார் எனக் கருதி நிறுத்திவிடுவோர் உண்டு. தலைவலிக்கு அது மிகச் சிறிய அளவிலேயே தரப்படுகிறது. டோபிராமேட், வால்புரோயேட் ஆகியன வலிப்பு மருந்துகள். இவ்விரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் இதனை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்தியாவில் பரவலாக எழுதப்படும் ஃபுளுனாரிசின் உடல் எடையைக் கூட்டும், சிலரிடம் மனச்சோர்வை உண்டாக்கும்.

இம்மருந்துகளின் பயனை அறிய இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். பத்து நாளில் 'கேட்கவில்லை' என்று கைவிடுவதே தடுப்பு மருத்துவம் தோற்பதற்குப் பெருங்காரணமாகும். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அது வெற்றியாகவே கொள்ளப்படும்.

மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி உள்ள நாட்பட்ட நோய்க்குப் போட்டுலினம் நச்சு ஊசி 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 12 வாரத்திற்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடப்படுகிறது. இந்நோய்க்கெனவே உருவான முதல் தடுப்பு மருந்துகள் சிஜிஆர்பியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஊசிகளாகும். இவற்றுள் எரெனுமாப் 2018இல் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மருந்துகளை முதல்நிலைத் தெரிவாகவே கொள்ளலாம் என அமெரிக்கத் தலைவலிக் கழகம் 2024இல் அறிவித்தது. விலை மிகுதியாதலால் பெரும்பாலோருக்குப் பழைய மாத்திரைகளே கைக்கெட்டுவன.

மருந்தல்லா வழிகள்

2011இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் வாரம் மூன்று முறை 40 நிமிட உடற்பயிற்சி, டோபிராமேட்டோடு ஒப்பிடத்தக்க பயனைத் தந்தது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தோரைவிட மருந்தோடு யோகாவும் செய்தோருக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. யோகா மருந்துக்கு மாற்றாக அன்று, துணையாகவே சோதிக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. உணவையும் உறக்கத்தையும் நேரந்தவறாமல் கொள்வது செலவில்லாதது. முறைப்பணி செய்வோருக்கு அதுவே கடினமானது.

நோயுடன் வாழ்தல்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பர். வெளியே புண்ணோ கட்டோ இல்லாததால் அலுவலகத்திலும் வீட்டிலும் இந்நோயாளர் சாக்குச் சொல்பவராகக் கருதப்படுகின்றனர். அடுத்த வலி எப்போது வருமோ என்ற அச்சத்தால் திருமணம், பயணம் முதலியவற்றைத் தவிர்ப்போரும் உளர்.

வலி வந்த நாள், நேரம், எடுத்த மருந்து, மாதவிடாய் நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்துவைப்பது பெரிதும் உதவும். மூன்று மாதக் குறிப்பைக் கண்டால் மருத்துவர் மருந்து மிகையையும் தடுப்பு மருந்தின் தேவையையும் எளிதில் அறிவார். ஆரா உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத வாய்ப்பைக் கூட்டுவதால், அம்மாத்திரையைக் கேட்கும்போதே ஆரா பற்றிச் சொல்லிவிட வேண்டும். கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் பலருக்கு வலி தானே குறைகிறது. மாதவிடாய் நின்ற பின்னரும் பலருக்கு வலி குறைகிறது. ஆனால் அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கூடுவதும் உண்டு.