குட்டியின் படமும் காட்டின் கதையும்

விலங்குகளைக் கண்டு மகிழ மனிதன் விரும்பியது பழங்காலந்தொட்டு வரும் வழக்கம். கண்டதைக் காக்கவேண்டும் என்னும் எண்ணமோ மிக அண்மையில் பிறந்தது. இவ்விரண்டும் நம் சென்னையில் வளர்ந்த வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விழைகிறேன்.

1855ஆம் ஆண்டில், எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், உயிருள்ள விலங்குகளையும் அங்கே மக்கள் காண வகை செய்தார். அதுவே பின்னர் பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகக்காட்சிசாலையாக வளர்ந்து, 1985இல் வண்டலூரில் விரிந்த நிலத்தில் குடியேறிற்று.

அக்காலத்தில் காட்டுக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியுடன் சென்றார்கள். 1920களில் சாம்பியன் என்னும் வனத்துறை அதிகாரி, வடஇந்தியக் காட்டில் புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டவுடன் காமிரா தானே படமெடுக்கும்படி அமைத்தார். புலியும் பிழைத்தது, படமும் கிடைத்தது.

தென்னாட்டில் இத்துறையில் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வரான இவர், மயிலாப்பூரில், இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் வாழ்ந்தார். பல காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு கருவியை உருவாக்கிக்கொண்டார். முதுமலையில் யானைமீது அமர்ந்து, காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தார். 1950 முதல் இறுதிவரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நம் காலத்தில் ஜோயல் சார்டோரே என்னும் அமெரிக்கர் வேறொரு வழியை மேற்கொண்டார். 2006 முதல் உலகெங்குமுள்ள மிருகக்காட்சிசாலைகளுக்குச் சென்று, அருகிவரும் உயிர்களையும் அவற்றின் குட்டிகளையும் வெறும் கறுப்பு அல்லது வெள்ளைத் திரையின் முன் படமெடுத்து வருகிறார். சுற்றுப்புறம் யாதுமின்றி ஒரு குட்டி நம் கண்ணோடு கண் நோக்கும்போது கல்நெஞ்சமும் இளகும்.

ஆயினும் அவ்வழகே குட்டிக்குப் பகையாவதும் உண்டு. நட்சத்திர ஆமைக் குஞ்சுகளைக் கடத்துவோர் சென்னை விமான நிலையத்தில் பன்முறை பிடிபட்டிருக்கின்றனர். அழகானதை வீட்டில் வளர்க்கும் ஆசையே அவ்வாணிகத்துக்கு அடிப்படை. ஆகவே, குட்டியின் படத்தோடு அதன் காட்டையும் காட்டவேண்டும் என்பது என் கருத்து.

சிங்கவால் குரங்கை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் அதற்கு இயற்கையான இருப்பிடம் இல்லை. பிறக்கும்போது குட்டிக்கு அந்த வெண்பிடரி கிடையாது, பின்னரே வளர்கிறது. வண்டலூரில் இவ்வினத்தைப் பெருக்க முயன்று வருகிறார்கள். ஆனால் மரத்துக்கு மரம் தாவி வாழும் அவ்வுயிருக்குக் கிளையோடு கிளை கோத்த சோலை வேண்டும். தேயிலைத் தோட்டமும் சாலையும் சோலையைத் துண்டித்த வால்பாறைப் பகுதியில், அவை கடப்பதற்கென்று சாலைக்கு மேலே பாலங்கள் கட்டவேண்டி வந்தது! கூண்டில் குட்டி பிறக்கலாம். அது திரும்பிச் செல்லச் சோலை இருக்கவேண்டும் அன்றோ?

இனி ஒரு விலங்குக் குட்டியின் படத்தைக் காணும்போது, ‘என்ன அழகு!’ என்று வியந்தபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதன் தாய் எங்கே? இதன் காடு எது? அந்தக் காடு இன்று எந்நிலையில் இருக்கிறது? விடை தேடத் தொடங்கும் மாணவரே நாளை அக்காட்டுக்குக் காவலராவார்.