ஏன்? – பெல்கிரேட்டில் ஒரு பகல்

2019 செப்டெம்பரில் ஊடகக் கருத்தரங்கு ஒன்றிற்காக ஐரோப்பா சென்றிருந்தேன். திரும்பும் வழியில் சேர்பியாவின் தலைநகரான பெல்கிரேட்டில் ஒரு பகற்பொழுது கிடைத்தது. காலையில் பஸ்ஸில் வந்திறங்கி இரவு விமானம் ஏறவேண்டும். ஒரு பகலில் ஒரு நகரத்தைப் பார்த்துவிட்டு அதன் வரலாற்றையே அளந்துவிட்டதாக எழுதுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் அபத்தம். நான் பார்த்தது அந்நகரின் ஒரு மூலையை மட்டுமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருத்தரங்கில் அறிமுகமான நண்பர் ஒருவர், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் தன் மகளை வழித்துணையாக அனுப்பியிருந்தார். 1999 இல் பிறந்தவர். "குண்டு விழுந்த வருடத்துப் பிள்ளை என்று வீட்டில் சொல்வார்கள்" என்று சிரித்தபடி தன்னை அறிமுகம் செய்துகொண்டார். எங்கள் ஊரிலும் வயதை இப்படித்தானே கணக்கிடுகிறோம்? இந்தியன் ஆமி வந்த வருடம், பெரிய இடப்பெயர்வு நடந்த வருடம் என்று.

முதலில் கலேமெக்தான் கோட்டைக்குச் சென்றோம். துருக்கி மொழியில் 'கலே' என்றால் கோட்டை. 'மெய்தான்' எங்கள் மைதானந்தான். சாவா நதி தன்யூப்பில் கலக்குமிடத்தில், குன்றின் மீது அமைந்த கோட்டை அது. 1521 இல் ஒட்டோமான் சுல்தான் சுலைமான் அதனைக் கைப்பற்றினார். இடையிடையே ஒஸ்திரியர்களிடம் கைமாறிய அந்தக் கோட்டையின் சாவி, 1867 இல்தான் சேர்பிய இளவரசர் மிகைலோவிடம் ஒப்படைக்கப்பட்டது. சங்கமத்தைப் பார்த்தபடி முதியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். பயணிகள் இங்கேதான் நேரம் கழிப்பார்கள். எனக்கு வேறோர் இடம் பார்க்க வேண்டியிருந்தது.

"எங்கே?" என்று கேட்டார் மாணவி.

"ஸ்வெதோகோர்ஸ்கா வீதி, 35 ஆம் இலக்கம்" என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

இளவரசர் மிகைலோவின் பெயர் தாங்கிய நடைவீதியைக் கடந்து, குடியரசுச் சதுக்கம் வழியாக மசிடோனியா வீதிக்கு வந்தோம். அங்கே உயர்ந்து நிற்பது 'பொலிதிகா' பத்திரிகையின் கட்டடம். 1904 இல் தொடங்கப்பட்ட பொலிதிகா, பால்கன் நாடுகளின் மிகப் பழைய நாளிதழ்களுள் ஒன்று. அதன் வாசலில் நின்றபோது பத்திரிகைக்காரனுக்கு இயல்பாக வரும் மரியாதை எனக்கும் வந்தது. ஆனால் மிலோசெவிச் ஆட்சியில் அந்த நிறுவனம் அரசாங்கத்தின் ஊதுகுழலாக இருந்தது. அங்கிருந்து வெளிவந்த 'பொலிதிகா எக்ஸ்பிரஸ்' என்ற பத்திரிகை 1999 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஸ்லாவ்கோ சுருவியா என்ற பத்திரிகையாளர் தன் நாட்டின் மீது விழும் குண்டுகளை வரவேற்கிறார் என்பது அதன் சாரம். அரச தொலைக்காட்சியின் செய்தியறிக்கையிலும் அக்கட்டுரை வாசிக்கப்பட்டது.

அது எத்தகைய வேளை என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். கொசோவோவில் அல்பேனிய மக்கள் மீது சேர்பியப் படைகள் நடத்திய ஒடுக்குமுறையை நிறுத்துவதற்காக என்று கூறி, ஐ.நா. பாதுகாப்புச் சபையின் அங்கீகாரமின்றி, நேட்டோ 1999 மார்ச் 24 இல் குண்டுவீச்சைத் தொடங்கியிருந்தது. அது 78 நாட்கள் நீடித்தது. இரவுதோறும் வானிலிருந்து நெருப்பு விழும் நகரத்தில், ஒருவரைச் சுட்டிக்காட்டி 'இவன் குண்டுகளின் நண்பன்' என்று எழுதுவதன் பொருள் என்ன? எழுதியவருக்கும் தெரியும், வாசித்தவருக்கும் தெரியும்.

சுருவியா புனிதரல்லர். எண்பதுகளில் உள்துறை அமைச்சில் ஆய்வாளராக இருந்தவர். மிலோசெவிச்சின் மனைவியோடு பழக்கம் வைத்திருந்தவர். ஆனால் அவர் 1996 இல் தொடங்கிய 'த்னெவ்னி தெலெகிராஃப்' சேர்பியாவின் முதலாவது தனியார் நாளிதழ். அந்தப் பெயரைத் தமிழாக்கினால் 'தினத்தந்தி' என்றுதான் வரும். 1998 ஒக்டோபரில், தனது சஞ்சிகையில் மிலோசெவிச்சுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்தது என்ன என்று கேட்ட கடிதம் அது. அதே மாதம் வந்த புதிய தகவல் சட்டத்தின் கீழ் கடும் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. சொத்துக்கள் பறிக்கப்பட்டன. அயலிலுள்ள மொன்ரனீக்ரோவில் அச்சிட்டுக் கொண்டுவந்த பிரதிகளும் கைப்பற்றப்பட்டன. 1999 மார்ச்சில் ஐந்து மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போர் தொடங்கியதும், தணிக்கைக்குப் பணிந்து பத்திரிகை நடத்துவதில்லை என்று அவரே அதனை நிறுத்திவிட்டார்.

1999 ஏப்ரல் 11. ஒதடொக்ஸ் கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறு. துணைவியோடு வீடு திரும்பியபோது வாசலில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று இரகசியப் பொலிஸார் அவரைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள் என்பதும், கொலைக்குச் சற்று முன்னர் அந்தக் கண்காணிப்பு விலக்கப்பட்டது என்பதும் ஆட்சி மாறிய பின்னர் வெளிவந்த ஆவணத்தால் தெரியவந்தன.

ஸ்வெதோகோர்ஸ்கா, பொலிதிகா கட்டடத்திலிருந்து சில நிமிட நடை. வழியில் 'அத்தெல்யே 212' என்ற புகழ்பெற்ற நாடக அரங்கு. 35 ஆம் இலக்கம் மற்றெந்தக் கட்டடத்தையும் போன்றதுதான். சுவரில் ஒரு நினைவுப் பலகை. கடைக்குப் போய்வந்த பெண்ணொருவர் பைகளோடு எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் தஷ்மைதான் பூங்கா. புனித மாற்கு தேவாலயத்தின் பின்புறம் அரச தொலைக்காட்சி நிலையம். சுருவியா கொல்லப்பட்டுப் பன்னிரண்டாம் நாள், ஏப்ரல் 23 அதிகாலை இரண்டு மணி கடந்து ஆறு நிமிடத்தில், நேட்டோவின் ஏவுகணை அதன்மீது விழுந்தது. பதினாறு பேர் இறந்தனர். பிரசாரத்தை எழுதியவர்களோ வாசித்தவர்களோ அவர்களில் இல்லை. தொழில்நுட்பவியலாளர்கள், காவலாளிகள், ஒப்பனை செய்யும் இளம் பெண் ஒருவர் என்று இரவுப் பணியிலிருந்த சாதாரண ஊழியர்கள். சில மணி நேரத்தில் ஒளிபரப்பு மீண்டும் தொடங்கிவிட்டது. பிரசார இயந்திரத்தை முடக்கவே தாக்கினோம் என்றது நேட்டோ. அது போர்க்குற்றம் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. இறந்தோரின் உறவினர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் சென்றனர். குண்டுவீசிய நாடுகளின் நியாயாதிக்கத்துக்குள் அந்நிலம் வரவில்லை என்று கூறி 2001 டிசெம்பரில் வழக்கு ஏற்கப்படாது விடப்பட்டது.

ஆனால் இன்னொரு தீர்ப்பும் உண்டு. நிலையம் தாக்கப்படலாம் என்பது அறியப்பட்டிருந்தும் ஊழியர்களை வெளியேற்றவில்லை என்பதற்காக, அதன் பணிப்பாளருக்கு 2002 இல் பெல்கிரேட் நீதிமன்றமே பத்தாண்டுச் சிறை விதித்தது. இச்சம்பவத்துக்காகத் தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே.

பிளந்த கட்டடத்தை அன்று அப்படியே விட்டிருந்தார்கள். மாடிகள் வெட்டிய கேக்கைப் போலத் திறந்து கிடந்தன. எதிரே பூங்காவில் ஒரு கல். பதினாறு பெயர்கள். மேலே ஒரேயொரு சொல். மாணவி வாசித்தார்: "ஸாஷ்தோ." ஏன்?

"யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள்?" என்றேன். "இருவரையும்" என்றார். "போட்டவர்களையும், இருக்கச் சொன்னவர்களையும்."

எனக்கு 2007 நவம்பர் 27 நினைவுக்கு வந்தது. அன்று கிளிநொச்சியில் 'புலிகளின் குரல்' வானொலி நிலையம் மீது விமானப்படை குண்டுவீசியதில் அதன் பணியாளர்களும் இறந்தார்கள். பிரசாரம் செய்யும் நிலையமானால் அங்கு வேலை செய்பவரைக் கொல்லலாமா என்ற கேள்விக்கு பெல்கிரேட்டிலும் கிளிநொச்சியிலும் இரு வேறு விடைகள் இருக்க முடியாது.

பூங்கா வாங்கில் அமர்ந்தபோது வேறொன்றும் உறுத்தியது. கட்டுரை வெளிவந்த பத்திரிகை நிறுவனம், அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் வீழ்ந்த வாசல், அக்கட்டுரையை வாசித்த தொலைக்காட்சி நிலையம் ஆகிய மூன்றும் ஒரு சிறு நடைக்குள் அடங்கிவிடுகின்றன. சுட்டவன் யாராயினும், முதலில் குறி வைத்தது ஒரு பத்திரிகைப் பக்கம். தொண்ணூறுகளில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, பெயரில்லாத அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தது. அதில் ஒருவர் 'துரோகி' எனக் குறிப்பிடப்பட்டிருந்தார். வசனம் திருத்தி, தலைப்பிட்டு, அச்சுக்கு அனுப்பியவன் நான். அந்த மனிதர் கொல்லப்படவில்லை. இரவோடிரவாக ஊரைவிட்டுப் போனார். அவரது தரப்பை ஒருநாளும் கேட்கவில்லை. அச்சமும் ஒரு காரணந்தான். ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்று சொல்ல இன்றும் மனம் ஒப்பவில்லை.

மாலையில் நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்தோம். 1961 செப்டெம்பரில் அணிசேரா நாடுகளின் முதலாவது உச்சி மாநாடு நடந்த இடம். கலந்துகொண்ட 25 நாடுகளில் இலங்கையும் ஒன்று. சிறிமாவோ பண்டாரநாயக்க அங்கே வந்திருந்தார். 1976 இல் மாநாடு கொழும்பில் நடந்தபோது டிட்டோ வந்தார். 2000 ஒக்டோபர் 5 இல், தேர்தல் தோல்வியை ஏற்க மறுத்த மிலோசெவிச்சுக்கு எதிராக மக்கள் இதே கட்டடத்துக்குள் புகுந்தார்கள். அன்றே தொலைக்காட்சி நிலையத்துக்கும் தீ வைத்தார்கள். பதினாறு பேருக்காக அழுத நகரம், அவர்கள் வேலை செய்த நிலையத்தின் மீது அவ்வளவு கோபத்தையும் வைத்திருந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில்தான் சுருவியா கொலை வழக்கில் அரச பாதுகாப்புச் சேவையின் முன்னாள் ஆட்கள் நால்வருக்கு 20 முதல் 30 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டிருந்தது. ஒருவர் தலைமறைவாகவே இருந்தார். எனினும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நிமலராஜன் 2000 இல், சிவராம் 2005 இல், லசந்த 2009 இல் கொல்லப்பட்டார்கள். எங்கள் நாட்டில் இவர்களுக்காக எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. "உங்கள் நாட்டில் இருபது வருடத்திலாவது தீர்ப்பு வந்ததே" என்றேன். மாணவி, "இன்னும் மேன்முறையீடு இருக்கிறது" என்றார்.

வயதுக்கு மீறிய அவநம்பிக்கை என்று அன்று நினைத்தேன். அந்தத் தீர்ப்பு 2020 இல் ரத்தானது. மறுவிசாரணையில் 2021 இல் நால்வரும் மீண்டும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2024 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நால்வரையும் விடுதலை செய்தது. செய்தியைப் படித்த அன்று மாணவிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த நாள் பதில் வந்தது. பூங்காவிலுள்ள கல்லில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் எழுதியிருந்தார்.