கிளிகளை உயிரோடு வரைந்தவர்

பிள்ளைகள் சிலேட்டிலும் சுவரிலும் கோழியையும் குருவியையும் வரைந்துகொண்டிருந்தால், "இதெல்லாம் சோறு போடுமா? போய்க் கணக்கைப் போடு!" என்று அதட்டுவது நம் வீடுகளில் வழக்கம். வரைந்தே தன் வயிற்றைக் கழுவிய ஒரு சிறுவனின் வரலாற்றை இன்று பார்ப்போம். அவர் பெயர் எட்வர்ட் லியர்.

1812ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், லண்டனை அடுத்த ஹாலோவே என்ற இடத்தில் அவர் பிறந்தார். பெற்றோருக்கு 21 பிள்ளைகள்; இவர் இருபதாவது. பங்கு வாணிபம் செய்த தந்தை கடன்பட்டு நொடித்துப் போனார். நான்கு வயதுச் சிறுவனை வளர்க்கும் பொறுப்பு மூத்த அக்காள் ஆன் தலையில் விழுந்தது. அக்காளுக்கும் தம்பிக்கும் 21 வயது வித்தியாசம்! சிறுவனுக்குக் காக்காய் வலிப்பு நோயும் மூச்சிரைப்பும் இருந்தன. வலிப்பு வருவதை வெளியாரிடம் சொல்ல வெட்கப்பட்டு, கடைசிவரை அவர் மறைத்தே வாழ்ந்தார்.

பள்ளியில் அவர் படித்தது மிகக் கொஞ்சம். எழுத்தும் படிப்பும் அக்காள் சொல்லிக் கொடுத்தவை. பூவையும் பறவையையும் பார்த்து வரையும் பழக்கத்தையும் அவரே தூண்டிவிட்டார். மற்றதெல்லாம் தம்பி தானே கற்றுக்கொண்டது. பதினைந்து, பதினாறு வயதிலேயே படம் வரைந்து விற்றுப் பிழைக்கத் தொடங்கினார். மருத்துவர்களுக்காக நோய்களின் படங்களைக்கூட வரைந்து கொடுத்தார்.

1830ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், ஒரு பெரிய வேலையில் துணிந்து இறங்கினார். கிளி இனம் ஒன்றுக்கு மட்டும் தனியாக ஒரு படநூல் வெளியிடுவது என்பதே அது. அக்காலத்து ஓவியர்களில் பலர், செத்த பறவையின் தோலில் பஞ்சடைத்து வைத்து, அதைப் பார்த்தே வரைந்தனர். லியர் அப்படிச் செய்யவில்லை. லண்டன் விலங்கியல் கழகத்தின் தோட்டத்திற்கு அனுமதி பெற்றுப் போனார். காவலர் கிளியைப் பிடித்துக்கொள்ள, இவர் இறக்கையையும் காலையும் அளந்து குறித்துக்கொள்வார். தலையைச் சாய்த்துப் பார்க்கும் பார்வை, கோபத்தில் சிலிர்க்கும் இறகு, அலகின் வளைவு எல்லாம் அவர் படத்தில் உயிரோடு நின்றன.

அந்தப் படங்கள் கல்லச்சு முறையில் அச்சாயின. வழவழப்பான சுண்ணாம்புக் கல்மேல், கொழுப்புப் பசையுள்ள கோலால் படம் வரைய வேண்டும். பிறகு கல்லை நீரால் நனைத்து மை தடவினால், கோடுள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். பின்னர் ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள்.

175 பிரதிகளோடு நிறுத்திக்கொள்வது என்று அவர் முடிவு செய்திருந்தார். படிகள் எடுத்து முடிந்ததும் கல்லில் இருந்த படத்தை அழித்துவிடுவார். 14 பகுதிகள் வெளியிட எண்ணியிருந்தாலும், 1832இல் 12 பகுதிகளோடு, 42 படங்களோடு, பணமில்லாமல் நிறுத்த நேர்ந்தது. நூல் அவரைச் செல்வராக்கவில்லை. ஆனாலும் பெயர் பரவியது. லிவர்பூல் அருகே நோஸ்லி மாளிகையில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்த்து வந்த டார்பி பிரபுவின் குடும்பம் அவரை அழைத்துப் படம் வரையச் சொன்னது. அங்கிருந்த குழந்தைகளைச் சிரிக்க வைக்க அவர் எழுதிய வேடிக்கைப் பாட்டுகள் 1846இல் நூலாக வந்து புகழ் பெற்றன. அதே ஆண்டில் விக்டோரியா மகாராணிக்கே அவர் ஓவியம் கற்பித்தார்!

நுணுக்கமான இறகுகளை வரைந்து வரைந்து கண் பலவீனமாயிற்று. ஆகவே 1837இல் இத்தாலிக்குச் சென்று, மலை, நதி முதலிய இயற்கைக் காட்சிகளை வரையலானார். 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்து வரைந்தார், இலங்கைக்கும் சென்றார்.

இதில் நாம் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மகாராணிக்கே ஆசிரியராக இருந்த இவர், 1850இல், 37 வயதில், லண்டன் அரச ஓவியக் கழகத்தின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இளைஞர்களுக்கு நடுவே அமர்ந்து மனித உருவம் வரையப் பயின்றார். தெரியாததைக் கற்க அவர் கூச்சப்படவில்லை.

1888இல் இத்தாலியின் சான் ரெமோ நகரில் லியர் காலமானார். ஆனால் அவர் பெயர் இன்னும் வானில் பறக்கிறது. நீல நிறமான ஒரு பெரிய மக்காவ் கிளிக்கு 1856இல் 'லியர் மக்காவ்' என்று அறிஞர்கள் பெயரிட்டிருந்தனர். அது எந்தக் காட்டில் வாழ்கிறது என்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாதிருந்தது. 1978ஆம் ஆண்டில்தான் பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்தில், செம்பாறைச் சரிவுகளில் அது கூடு கட்டி வாழ்வதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மிகச் சில கிளிகளே எஞ்சியிருந்தன. அவை தின்னும் பனைக் கொட்டைகளையும் கூடுகளையும் காத்து வந்ததால், இன்று அவை ஆயிரத்துக்கு மேல் பெருகியிருக்கின்றன.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் காட்டோரத்தில் மைனாவும் மீன்கொத்தியும் இருவாட்சியும் காணக் கிடைக்கின்றன. கையில் ஒரு பென்சிலும் பழைய தாளும் இருந்தால் போதும். கணக்கும் போடட்டும், படமும் வரையட்டும். ஆன் தன் தம்பிக்குத் தந்த ஊக்கத்தை, பெற்றோரும் மூத்தோருமாகிய நாமும் தருவோம்.