இட்டைப்பு அணை

இட்டைப்பு அணை என்பது தென் அமெரிக்காவில் பிரேசில், பராகுவே ஆகிய இரு நாடுகளின் எல்லையாக ஓடும் பரனா ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள நீர்மின் அணை ஆகும். இது இரு நாடுகளுக்கும் சம உரிமை உடையது. இதன் நிறுவு திறன் 14,000 மெகாவாட். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை முந்தும் வரை, நிறுவு திறனில் உலகின் மிகப்பெரிய நீர்மின் நிலையமாக இது விளங்கியது. குவாரனி மொழியில் "பாடும் கல்" எனப் பொருள்படும் இப்பெயர், அணை அமைந்த இடத்தில் இருந்த ஒரு சிறு தீவின் பெயராகும்.

வரலாறு

குவைரா அருவிப் பகுதியின் எல்லை குறித்து இரு நாடுகளிடையே நெடுநாள் பிணக்கு நிலவியது. ஆற்றின் மின்வளத்தைச் சமமாகப் பகிர்வது என 1966 ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. ஏப்ரல் 26, 1973 அன்று இட்டைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது இரு நாடுகளிலும் படைத்துறை சார்ந்த ஆட்சியே நடைபெற்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள அர்கெந்தீனா நீரோட்டம் குறித்துக் கவலை தெரிவித்ததால், 1979 இல் முத்தரப்பு உடன்பாடு செய்யப்பட்டது. அக்டோபர் 1982 இல் நீர்த்தேக்கம் 14 நாட்களில் நிரம்பியது. 1984 இல் மின் உற்பத்தி தொடங்கியது.

மின் பகிர்வு

அணையில் 700 மெகாவாட் திறனுள்ள 20 மின்னாக்கிகள் உள்ளன. அவற்றுள் பத்து பராகுவேயின் 50 ஏர்ட்சு அலைவெண்ணிலும், பத்து பிரேசிலின் 60 ஏர்ட்சு அலைவெண்ணிலும் இயங்குகின்றன. ஒரு நாடு தன் பங்கில் பயன்படுத்தாத மின்சாரத்தை மற்ற நாட்டிற்கே தர வேண்டும் என்பது ஒப்பந்த விதி. பராகுவேயின் தேவை குறைவாக இருந்ததால், அதன் பங்கில் பெரும்பகுதி நேர்மின்னாக மாற்றப்பட்டுப் பிரேசிலுக்கு அனுப்பப்பட்டது. இதற்கான ஈட்டுத்தொகை மிகக் குறைவு எனப் பராகுவே முறையிட்டது. அத்தொகையை மும்மடங்காக்க 2009 இல் இரு அரசுகளும் இணங்கின. கட்டுமானக் கடன் 2023 இல் அடைக்கப்பட்டது.

சூழல் விளைவுகள்

நீர்த்தேக்கத்தின் பரப்பளவு சுமார் 1,350 சதுர கிலோமீட்டர். உலகின் மிகுந்த நீர்ப்பெருக்குடைய அருவிகளுள் ஒன்றான குவைரா அருவி இதில் மூழ்கியது. அருவியைப் பாதுகாத்து வந்த தேசியப் பூங்காவின் தகுதியைப் பிரேசில் முன்னதாகவே நீக்கியிருந்தது. பல்லாயிரக்கணக்கான உழவர்கள் இடம்பெயர்ந்தனர். அவா-குவாரனி பழங்குடியினரின் ஊர்களும் நீரில் மூழ்கின.

குவைரா அருவி, ஆற்றின் மேல், கீழ்ப் பகுதிகளின் மீன்களைப் பிரித்து வைத்த இயற்கைத் தடையாகவும் இருந்தது. அது மூழ்கியதும் கீழ்ப்பகுதி மீன் இனங்கள் பல மேல்பகுதியில் பரவின. அதே வேளையில், சுமார் 170 கி.மீ. கீழே எழுந்த அணை, முட்டையிட மேல்நோக்கி நீந்தும் மீன்களுக்குப் புதிய தடையானது.

ஈடுசெய் நடவடிக்கைகள்

நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டு வளையம் வளர்க்கப்பட்டது. காட்டுயிர்ப் புகலிடங்களும் அமைக்கப்பட்டன. வயல்களிலிருந்து வண்டல் நீர்த்தேக்கத்தில் சேர்வதை இவ்வளையம் குறைப்பதால், இது அணையின் ஆயுளுக்கும் துணை புரிகிறது. 2002 இல் மீன்கள் அணையைக் கடப்பதற்காகச் சுமார் 10 கி.மீ. நீளமுள்ள கால்வாய் திறக்கப்பட்டது. ஆயினும் வேற்று மீன் இனங்கள் மேலேறுவதற்கும் அது வழியாகலாம் எனச் சூழலியலாளர் சிலர் கருதுகின்றனர். இடம்பெயர்ந்த அவா-குவாரனி மக்களுக்காக 3,000 எக்டேர் நிலம் வாங்கித் தர 2025 இல் உடன்பாடு எட்டப்பட்டது.

மதிப்பீடு

2016 இல் இவ்வணை 10,300 கோடி அலகுகளுக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்தது. நிலக்கரியை எரிக்காமலே இவ்வளவு ஆற்றல் கிடைப்பது இதன் பெரும் பயன் ஆகும். எனினும், அணைப் பணி தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, 1981 இல்தான் பிரேசிலில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தம் மின்சாரத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டது. இழப்பைப் பங்கிட அதில் வழியில்லை. காடும் நிலமும் ஓரளவு மீட்கப்பட்டபோதிலும், அருவியை மீட்க இயலவில்லை. எல்லை கடந்த திட்டங்களில் சூழல் ஆய்வு ஒப்பந்தத்திற்கு முன்பே நடைபெற வேண்டும் என்பதற்கு இட்டைப்பு ஒரு சான்றாக அமைகிறது.