கத்தரிக்கப்பட்ட வேதம்

வேதாகமம் ஏழைக்கு ஆறுதல் கூறும் நூல் மட்டுமன்று; அடிமைத் தளையை அறுக்கும் நூலுமாகும். இவ்வுண்மையை அடிமைகளைப் போலவே அவர்களுடைய எசமானர்களும் அறிந்திருந்தனர். 1807ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அச்சான ஒரு நூலே அதற்குச் சான்று.

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற ஆப்பிரிக்க அடிமைகளுக்கெனத் தொகுக்கப்பட்ட வேதாகமம் அது. அடிமைகளைக் கிறிஸ்தவராக்கும் பொருட்டு இலண்டன் பேராயர் பீல்பி போர்ட்டியஸ் நிறுவிய சங்கத்தின் பயனுக்காக அது வெளியாயிற்று. அவரோ அடிமை வாணிபத்தை எதிர்த்துப் பேசியவர். எனினும் வழக்கிலுள்ள வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களுள் 232 மட்டுமே அந்நூலில் இடம்பெற்றன.

விடுபட்டவை யாவை? எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேலரின் கூக்குரலைக் கேட்டுக் கடவுள் இறங்கிவந்த வரலாறு இல்லை. மனிதனைத் திருடி விற்பவன் சாகவேண்டும் என்ற சட்டம் இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேற்றுமை இல்லை எனப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய வசனமும் இல்லை. ஆனால் வேலைக்காரர் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியருக்கு எழுதியது மட்டும் பத்திரமாக இருந்தது!

ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். யாத்திராகமத்தில் முதலில் வருவது விடுதலை; அதன் பின்னரே கட்டளை. தம்மை அடிமைத்தன வீட்டினின்று மீட்டவர் என்று அறிவித்த பிறகே கடவுள் பத்துக் கட்டளைகளை உரைக்கிறார். விடுதலையை மறைத்துக் கட்டளையை மட்டும் ஓதுவது அவருடைய முகத்தையே மறைப்பதாகும்.

கத்தரிக்கோல் வென்றதா? இல்லை. ஜமேக்கா தீவில் பாப்டிஸ்டு சபைகள் வழியாக முழு வேதாகமமும் அடிமைகளின் செவியை எட்டிற்று. சாம் ஷார்ப் என்பவர் எழுத்தறிந்த அடிமை. மான்டிகோ பே நகரில் சபையின் உதவிக்காரர். மனிதனை மனிதன் உடைமையாக்க உரிமையில்லை என்று வேதத்தைக் கொண்டே அவர் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். 1831ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என உறுதி பூண்டனர். அது பெருங்கிளர்ச்சியாக மூண்டது. ஏறத்தாழ 60,000 பேர் அதில் ஈடுபட்டனர். 300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஷார்ப் 1832 மே 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. முழு விடுதலை 1838 ஆகஸ்டு 1ஆம் நாள் கிட்டியது. எசமானர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஜமேக்கா 1975இல் ஷார்ப்பைத் தேசிய வீரராக அறிவித்தது.

வெள்ளிவிழாக் காணும் கல்விச் சங்கத்து இளைஞர்களே, இவ்வரலாறு உணர்த்துவது யாது? படிக்கத் தெரியாதவனுக்குப் பிறர் எதைப் படித்துக் காட்டுகின்றனரோ அதுவே வேதம், அதுவே சட்டம், அதுவே வரலாறு. எழுத்தறிந்த ஒருவன் முழு நூலையும் திறந்தபோது ஒரு தீவே விழித்தெழுந்தது. ஆகவே பணிவைப் போதிக்கும் பக்கத்தை எவரேனும் உங்கள் கையில் கொடுத்தால், அதற்கு முந்திய பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.