கையுறை கொடுத்துக் கைகழுவும் கதை

நாமக்கல் பக்கம் ஒரு குடியிருப்பில், தூய்மைப் பணிக்குப் போகும் அக்கா ஒருவரின் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். சுவர் ஆணியில் ஒரு ஜோடி ஆரஞ்சு நிறக் கையுறை தொங்கியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஏங்க்கா, இதைப் போட்டுக்கறதில்லையா?"

"அது ஆபீசருங்க வர்ற அன்னிக்குக் கண்ணு. மத்த நாளைக்கு இதுதான்" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு காரணத்தையும் சொன்னார். "கையைவிடப் பெருசு. போட்டா வெளக்கமாறு கையில நிக்கறதில்ல. ரெண்டே நாள்ல விரல் இடுக்குல கிழிஞ்சுடும். கிழிஞ்சா அடுத்தது எப்ப வரும்னு அந்தக் காண்ட்ராக்ட்காரருக்கே தெரியாது. அதான் இதைப் பத்திரமா வச்சிருக்கேன்."

"கொடுத்தாலும் இவங்க போடமாட்டாங்க" என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதிகாரிகள் மட்டுமல்ல, படித்த நம் நண்பர்களில் சிலரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் அக்காவின் நான்கு வாக்கியங்களில் பாதி இருக்கிறது. மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு செவிலியரின் கை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. 1889ஆம் ஆண்டுக் குளிர்காலம். அறுவை அரங்கில் வேலை செய்த கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியருக்குக் கைகளில் புண். கிருமி நீக்கத்துக்குப் பயன்படுத்திய பாதரச உப்புக் கரைசல் தோலை அரித்துவிட்டது. தலைமை அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி, மெல்லிய ரப்பர் கையுறை செய்ய வைத்தார். அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறை வந்த கதை இதுதான். நோயாளியைக் கிருமியிடமிருந்து காப்பாற்றுவது பிறகுதான் அதன் வேலையாக ஆனது. முதலில் அது காத்தது வேலை செய்த ஒரு பெண்ணின் கையை.

ஒருவருடைய கை புண்ணானது மற்றவர் கண்ணில் பட்டது. பட்டதும் ஒரு பொருள் பிறந்தது. அதே காலத்தில் நம் ஊரில் யாருடைய கைகள் புண்ணாகிக்கொண்டிருந்தன? அவற்றை யார் பார்த்தார்கள்?

தோலைப் பதப்படுத்திய கைகள்

சேலம், நாமக்கல் சமவெளி கிணற்றுப் பாசன பூமி. மின்மோட்டார் வருவதற்கு முன்பு இங்கே வயலுக்கு ஏறிய தண்ணீரில் பெரும்பகுதி கவலை இறைத்து வந்தது. மாடு பின்னும் முன்னும் போக, கிணற்றிலிருந்து ஏறி வந்தது தோல் பறி. அந்தப் பறிக்கான தோலை உரித்தவர்கள், பதப்படுத்தியவர்கள், தைத்தவர்கள், கிழிந்தால் ஒட்டுப் போட்டவர்கள் அருந்ததியர்கள். கூலி பெரும்பாலும் களத்தில் அளந்து போடும் தானியம்.

தோல் பதனிடும் வேலை எப்படி நடக்கும் என்று இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் முடி கழலும். பிறகு ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்ட வேண்டும். பிறகு ஆவாரம் பட்டை போட்ட தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, புரட்டிப் புரட்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வெறுங்கைதான். மாட்டுத்தோலின் முடியைக் கழற்றும் சுண்ணாம்பு மனிதத் தோலை மட்டும் விட்டுவிடுமா? எங்கள் தாத்தாவின் விரல் நுனிகள் கடைசிவரை வெடித்தே இருந்தன. சோற்றில் கை வைத்தால் காந்தும் என்பார்.

இந்தத் தோலைப் பற்றி வெள்ளை அரசும் கவலைப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத் தொழில் வளர்ச்சிப் பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதிய முறையைச் சோதித்தார். அந்தச் சோதனையின் நோக்கங்களில் ஒன்று, தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாத கவலைப் பறி செய்வது. எந்தத் தோல் நீடித்து உழைக்கும் என்ற கேள்வி நம் மண்ணில் நூறு வருடத்துக்கு முன்பே எழுந்திருக்கிறது. பறிக்காகத்தான் எழுந்தது. பறி தைத்தவர் கைக்காக எழவில்லை. தோலாலேயே கையுறை செய்யலாம், அதைத் தோலோடு மல்லுக்கட்டுகிறவருக்கே கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதற்குக் காரணம் வறுமை மட்டும் இல்லை. அந்தக் கைகளைத் தொட்டால் தீட்டு என்று ஊர் சொன்னது. தீட்டு என்ற கணக்கு இருக்கும்வரை, காப்பாற்றப்பட வேண்டியது அந்தக் கைகளா, அவற்றிடமிருந்து ஊரா என்ற குழப்பமே ஊருக்கு வராது. தனிக்குவளை ஊருக்காக வைக்கப்பட்ட பாதுகாப்பு. உழைப்பவருக்கு அப்படி ஒன்றும் வைக்கப்படவில்லை.

கிணற்றடியிலிருந்து சாக்கடைக்கு

பைக்காரா மின்சாரம் 1932இல் வந்தது. மேட்டூர் அணை 1934இல் முடிந்து, சில ஆண்டுகளில் அங்கும் மின் உற்பத்தி தொடங்கியது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் கிணறுகளுக்கு மோட்டார் இறங்கியது. கவலை நின்றது. பறி தைக்கும் வேலையும் நின்றது. செருப்புத் தைக்கும் வேலையை ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொண்டுபோயின.

தொழில் போனது. சாதி போகவில்லை. சேலம் நகராட்சி 1866இல் உருவானது. நகரம் பெருகப் பெருக எடுப்புக் கக்கூஸ்களும் பெருகின. அந்த வேலைக்கு நகராட்சிகள் எந்தச் சேரியில் ஆள் தேடின என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மேற்கு மாவட்ட நகரங்களில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குள் போய்ப் பார்த்தால், இன்றும் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர்களே. இந்தியாவில் ஒருவர் செய்யும் வேலையைப் பார்த்து அவரைத் துப்புரவாளர் என்று சொல்வதில்லை, பிறப்பைப் பார்த்தே சொல்கிறார்கள் என்று அண்ணல் அம்பேத்கர் 1945இல் எழுதினார். நம் ஊர் வரலாறு அதற்குச் சாட்சி.

சட்டத்துக்குள் வந்த கையுறை

1948இல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. ஆபத்தான வேலைகளுக்குத் தனி விதிகளும் பாதுகாப்புக் கருவிகளும் அதன் வழியே வந்தன. ஆனால் தெருவும் சாக்கடையும் கக்கூஸும் தொழிற்சாலைகள் இல்லையே. அந்தச் சட்டத்தின் கை இந்தக் கைகளை எட்டவில்லை.

1957இல் ஒன்றிய அரசு மல்கானி குழுவை அமைத்தது. 1960இல் அறிக்கை வந்தது. மலத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோவதை ஒழிக்க வேண்டும், தள்ளுவண்டி தர வேண்டும் என்ற வழியில் அது சிந்தித்தது. அதாவது வேலை இருக்கட்டும், கருவி மாறட்டும். வேலையையே குற்றமாக்க இன்னும் 33 வருடம் ஆனது. 1993இல் வந்த சட்டமும் கையால் மலத்தைச் சுமப்பவரையே கணக்கில் எடுத்தது. பாதாள சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்குகிறவர் அதற்குள் வரவில்லை.

போராட்டங்களின் விளைவாக 2013இல் புதிய சட்டம் வந்தது. அண்ணலின் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. மலக்குழியும் சாக்கடையும் உள்ளே வந்தன. இதை நாம் வெற்றியாகவே சொல்ல வேண்டும். ஆனால் தோழர்களே, இந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். யார் 'கையால் மலம் அள்ளும் தொழிலாளி' என்று விளக்கிவிட்டு, கீழே ஒரு விளக்கக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உபகரணங்களோடும் மலத்தைச் சுத்தம் செய்கிறவர் அந்தத் தொழிலாளியாகக் கருதப்படமாட்டார் என்பது அதன் பொருள். 'அபாயகரமான துப்புரவு' என்பதற்கான விளக்கமும் அப்படித்தான். உபகரணம் தராமல், பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் ஆளை இறக்கினால்தான் அது அபாயகரமானது.

கையுறை என்ற சின்னப் பொருளுக்கு எவ்வளவு பெரிய வேலை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். அதே மலம், அதே குழி, அதே சாதி. கையில் உறை இல்லையென்றால் குற்றம். உறை இருந்தால் வெறும் வேலை. அந்த அக்கா வீட்டு ஆணியில் தொங்கிய ஜோடி அவருடைய கைக்காக வாங்கப்பட்டதா, யாரோ ஒருவரின் கோப்புக்காக வாங்கப்பட்டதா என்ற சந்தேகம் எனக்கு வந்தது இதைப் படித்த பிறகுதான்.

2013 டிசம்பரில் வந்த விதிகளில் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. 40க்கும் மேற்பட்ட பொருட்கள். வாயு அளக்கும் கருவி, மூச்சுக் கருவி, காற்றூதி, முழு உடல் அங்கி, தலை விளக்கு என்று போகும் அந்த வரிசையில் கையுறையும் ஒன்று. நடைமுறையில் இந்த நாற்பதில் மிக மலிவானவையே தொழிலாளியின் கைக்கு வருகின்றன. கையுறை விஷவாயுவைத் தடுக்காது. மலக்குழியில் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. நாற்பதில் இரண்டைக் கொடுத்துவிட்டு 'உபகரணம் வழங்கப்பட்டது' என்று எழுதுவது கைகழுவும் வேலை.

2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை மூன்று மடங்கானது. மரணம் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் கணக்குகளில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருப்பது நமக்கெல்லாம் வெட்கம்.

அப்படியானால் கையுறை வேண்டாமா?

வேண்டும். இன்று காலை வேலைக்குப் போகிறவருக்கு இன்றே வேண்டும். சாதி ஒழிந்த பிறகு கையுறை வாங்கலாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எனவே எது நல்ல கையுறை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எதையாவது கொடுத்து நம்மை ஏமாற்றுவார்கள்.

தோல் கையுறை கல், கம்பி, மூட்டை தூக்க நல்லது. சாக்கடைக்கு ஆகாது. கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுதும் கையோடு ஒட்டியிருக்கும், காய்ந்தால் விறைத்துவிடும். ஈர சிமெண்டுக்கும் அது உதவாது. கழிவுநீருக்கு முழங்கை வரை வரும் கனமான நைட்ரைல் அல்லது பி.வி.சி. கையுறை, உள்ளே துணி உறையோடு. குப்பை பிரிப்பவருக்கு வெட்டுத் தாங்கும் இழையில் பின்னி நைட்ரைல் பூசியது. கொரோனா காலத்தில் கொடுத்த மெல்லிய உறை இவை எதற்கும் ஆகாது.

ஏற்றுமதித் தரக் கையுறைகளில் ஈ.என். 388 என்று அச்சிட்டு, சுத்தியல் படத்தின் கீழ் நான்கு எண்கள் இருக்கும். அவை முறையே தேய்மானம், வெட்டு, கிழிதல், குத்துதல் ஆகியவற்றைத் தாங்கும் அளவு. நீடித்து உழைக்க வேண்டுமென்றால் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பாருங்கள். நான்காம் எண் அதிகம் என்பதற்காக ஊசி குத்தாது என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை மருத்துவ ஊசியைக் கொண்டு செய்வதில்லை.

அளவு முக்கியம். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் எத்தனை அங்குலமோ, ஏறத்தாழ அதுதான் கையுறை எண். பெண்களே அதிகம் உள்ள ஒரு வேலைக்கு ஆண்களின் அளவில் மொத்தமாக வாங்கிப் போட்டால், "வெளக்கமாறு நிக்கறதில்ல" என்றுதான் அக்கா சொல்வார். ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காயும்போது ஒன்று போட. மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்தினால் ஓட்டை தெரிந்துவிடும். சுழலும் இயந்திரத்தருகே கையுறையே ஆபத்து. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் வேலை செய்யும் தம்பிகள் இதை மறக்கக் கூடாது. சுழலும் குழாயில் உறை சிக்கினால் கையும் சேர்ந்து போகும்.

நம் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு போடுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை ஜோடி கையுறை வாங்கினீர்கள், என்ன தரம், என்னென்ன அளவு, யாருக்கு எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தப் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போங்கள். காகிதத்தில் இருக்கும் கையுறையும் கையில் இருக்கும் கையுறையும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். முன்னால் நின்று படம் எடுக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.

மனுவின் கடைசியில் இன்னொரு கேள்வியையும் சேருங்கள். இந்தப் பணியில் இருப்பவர்களின் சமூகவாரிப் பட்டியல் என்ன? நல்ல கையுறை கிடைத்த பிறகும் அந்தப் பட்டியல் மாறவில்லையென்றால், நம் வேலை பாக்கி இருக்கிறது.

அந்த அக்காவின் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். புறப்படும்போது அவளிடம், "அம்மாவுக்குச் சரியான அளவில ஒரு ஜோடி வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வாங்கித் தாங்கண்ணா. 7ஆம் நம்பர்" என்றாள். பிறகு, "எனக்கு வேண்டாம்" என்றாள்.