பழைய புகைப்படங்களின் ஸ்கேன் தரம்: தாமிரபரணிப் பகுதி

காகிதத்தில் அச்சான பழைய புகைப்படங்களைக் கணினிக் கோப்பாக மாற்றும்போது அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள், எந்த நிற ஆழம், எந்தக் கோப்பு வடிவம் என்று முடிவு செய்வதே ஸ்கேன் தரத் தேர்வு. புள்ளிக் கணக்கை டிபிஐ என்பார்கள். திருநெல்வேலி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களில் இந்தத் தேர்வை அவசரமாக்குவது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது, தாமிரபரணி ஆறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி ஒரு வெள்ளம் ஆல்பத்தைக் கொண்டுபோய்விட்டால், ஸ்கேன் செய்து வைத்த கோப்புதான் மூலப்படம். போனில் பார்க்கப் போதுமா என்பதை அளவுகோலாக வைக்கக் கூடாது. இந்தப் படம் இன்னொரு முறை கைக்கு வராது என்று எண்ணியே ஸ்கேன் செய்ய வேண்டும்.

எத்தனை டிபிஐ

அதே அளவில் மறுபடி அச்சுப் போட 300 டிபிஐ போதும். இரண்டு மடங்கு பெரிதாக்க 600 வேண்டும். சாதாரண ஸ்டூடியோ பிரிண்டில் 600-க்கு மேல் எடுப்பதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. காகித நாரும் தூசியும்தான் பெரிதாகத் தெரியும். ஆகவே வீட்டு ஆல்பங்களுக்கு 600 டிபிஐதான் சரியான பொது அளவு.

இதன் பலனைப் பள்ளி, கல்லூரி குரூப் போட்டோக்களில் நன்றாகப் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் படித்தவர்களின் வீடுகளில், தடித்த அட்டையில் ஒட்டி, கீழே வரிசை வரிசையாகப் பெயர்கள் அச்சிட்ட அந்தப் படங்கள் நிறைய உண்டு. பின்வரிசையில் நிற்கும் பையனின் முகம் ஏறக்குறைய 6 மி.மீ. அகலம்தான் இருக்கும். 300 டிபிஐயில் அந்த முகத்துக்குக் கிடைப்பது குறுக்கே 71 புள்ளிகள், 600-இல் 142. முன்னதில் ஆளை ஒருவாறு ஊகிக்கலாம். பின்னதில், படம் தெளிவாக எடுக்கப்பட்டிருந்தால், நெற்றியில் இட்டது பொட்டா திருநீறா என்பதுகூடத் தெரிந்துவிடும். தாத்தாவுக்கு என்று தனிப் படம் வேறு எதுவும் இல்லாத குடும்பத்துக்கு அந்த 6 மி.மீ.தான் எல்லாம். அட்டை ஏ4 கண்ணாடியைவிடப் பெரிதாக இருந்தால், ஓரம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி இரண்டு பகுதிகளாக ஸ்கேன் செய்து கணினியில் இணைக்கலாம். அட்டையை வெட்டவே கூடாது. பெயர்களும் ஸ்டூடியோ முத்திரையும் அதில்தான் இருக்கின்றன.

ஆனால் மிகச் சிறிய பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கும், பெட்டிக் கேமராவின் 120 பிலிமிலிருந்து நெகட்டிவ் அளவிலேயே போட்ட 6×9 செ.மீ. பிரிண்டுகளுக்கும் 1200 டிபிஐ தகும். நெகட்டிவே கிடைத்தால் 2400 அல்லது அதற்கு மேல். ஸ்கேனர் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஒளியியல் டிபிஐ எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு மேற்பட்டவை மென்பொருள் தானாக இட்டு நிரப்பும் புள்ளிகள்.

இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 4×6 அங்குலப் படம் ஒன்று 600 டிபிஐயில், 24 பிட் நிறத்தில், சுருக்கப்படாத கோப்பாகச் சுமார் 26 எம்பி; 1200-இல் 104 எம்பி. ஆயிரம் படங்களுக்கு முன்னது ஒரு சிறிய பென் டிரைவிலேயே அடங்கும், பின்னதற்கு அதைப்போல் நான்கு மடங்கு இடம் வேண்டும்.

நிறமும் கோப்பும்

கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்பேறிய சாயல், ஸ்டூடியோக்காரர் கன்னத்திலும் புடவைக் கரையிலும் கையால் தீட்டிய வண்ணம், ஓரங்களில் வெள்ளி மேலெழுந்து பளபளக்கும் பகுதி ஆகிய எல்லாம் அந்தப் படத்தின் வரலாறு. தானாகக் கூர்மையாக்குதல், நிறத்தை மீட்டல் போன்ற வசதிகளை அணைத்துவிட வேண்டும்; அவற்றைப் பின்னால் ஒரு நகலில் செய்துகொள்ளலாம். மூலக் கோப்பு டிஃப் வடிவில் இருக்கட்டும். உறவினர்களுக்கு அனுப்ப ஜேபெக் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாகுமெண்டாக அனுப்ப வேண்டும்.

கடினமான படங்கள்

ஈரச்சுவரில் பல காலம் மாட்டியிருந்த பிரேமில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்வது நல்லது. ஆனால் விலை குறைந்த மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில், கண்ணாடியின் தடிமன் அளவு விலகியிருந்தாலே படம் மங்கிவிடும். இதற்கு, சற்று விலகியிருக்கும் படத்தையும் தெளிவாக எடுக்கும் சிசிடி வகை வேண்டும். தேன்கூடு போல மேடுபள்ளமான பட்டுத்தாள் பிரிண்டுகளில் டிபிஐயைக் கூட்டக் கூட்டப் புள்ளித்தடமே முன்னுக்கு வரும். ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து இரண்டையும் கலந்தால் அது பெரிதும் மட்டுப்படும்.

புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சான படம் வேறு வகை. அது மைப்புள்ளிகளால் ஆனது. எத்தனை டிபிஐ வைத்தாலும் புதிய விவரம் வராது, மைப்புள்ளிகளோ அலைக்கோடுகளோதான் வரும். நகலெடுக்க நகலெடுக்கப் படம் எப்படி மாறும் என்பதற்குப் பாரதியார் படங்களே உதாரணம். அவர் 1918 முதல் 1920 வரை இந்த வட்டாரத்துக் கடையத்தில் வாழ்ந்தார். 1919-இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தில் அவரைப் படம் எடுத்தார்கள். அவருடைய புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நாம் காலண்டரிலும் சுவரிலும் பார்ப்பவை பெரும்பாலும் நகலின் நகல், அல்லது நகலைப் பார்த்து வரைந்தவை. ஒவ்வொரு நகலிலும் முகம் கொஞ்சம் மாறிப்போகிறது. வீட்டுப் படங்களிலும் இதுவே நடக்கும் என்பதால், பெரிதாக்கிய பிரேம் படத்தைவிட, அதற்கு மூலமான சின்னப் பிரிண்ட் ஆல்பத்தில் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும்.

நிறுவன முயற்சி

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்ட உதவியுடன், தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்னாக்கம் செய்தது. கடைகளிலும் வீடுகளிலும் கிடந்த குடும்பப் படங்களை ஆய்வுக்குரிய ஆவணமாக மதித்த முயற்சி அது.

நனைந்த படங்கள்

ஒன்றோடொன்று ஒட்டிக் காய்வதற்குள், ஈரமாக இருக்கும்போதே பிரித்து, சுத்தமான தண்ணீரில் சேற்றை அலசி, முகம் மேலாக நிழலில் உலர்த்த வேண்டும். கையால் வண்ணம் தீட்டியவற்றை அலசக் கூடாது, சாயம் கரையும். முழுக்கக் காய்ந்த பிறகே ஸ்கேனர் கண்ணாடியில் வைக்கலாம். பின்பக்க எழுத்தையும் தனியாக ஸ்கேன் செய்து, படத்தின் கோப்புக்குக் கொடுத்த அதே எண்ணில் சேமிக்க வேண்டும். கோப்புகளின் ஒரு பிரதி ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்க வேண்டும்.